கோழி அடைய மறுத்தால் கூட்டைப் பாருங்கள்

பொழுது சாய்ந்ததும் யாரும் ஓட்டாமலேயே கூட்டுக்குள் சென்று அடைந்துவிடும் என் கோழிகள், ஒரு மாலை வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டன. குச்சியை எடுத்து அவற்றை உள்ளே விரட்டினேன். மறுநாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் இரண்டு பெட்டைகள் பக்கத்து மரக்கிளையில் ஏறி அங்கேயே அடைந்துவிட்டன. எலியோ பூனையோ இரவில் தொல்லை கொடுக்கிறது என்று எண்ணி, கம்பிவலையில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன், எங்கும் இல்லை. இரண்டு வாரங்களில் முட்டைகள் பாதியாகக் குறைந்தன. எல்லாவற்றிலும் மூத்த பெட்டையின் கொண்டை சிவப்பு வடிந்து வெளிறிப்போனது. தீவனத்தில்தான் குறை என்று நினைத்துத் தீவனத்தை மாற்றினேன். அதன் பிறகு கோழிகளின் மீது பூச்சித்தூளைத் தூவினேன். எதுவும் மாறவில்லை. ஒரு காலையில் அந்த மூத்த பெட்டை முட்டைப் பெட்டிக்குள்ளேயே இறந்து கிடந்தது.

அன்றிரவுதான், செய்திருக்க வேண்டிய வேலையை முதன்முறையாகச் செய்தேன். எல்லாம் அடங்கிய பிறகு கைவிளக்குடன் கூட்டுக்குள் சென்று, கோழிகள் அமர்ந்து உறங்கும் கட்டையைப் பார்த்தேன். மேற்புறம் சுத்தமாகவே இருந்தது. அடிப்புறத்தில் விரலை ஓட்டியபோது ஈரமாக ஏதோ நசுங்கியது. வெளிச்சத்தில் பார்த்தால் விரல்நுனி முழுவதும் இரத்தம். கட்டையைச் சுவரோடு பொருத்தியிருந்த மூட்டில், உப்பையும் மிளகுத்தூளையும் கலந்து கொட்டியதுபோல ஒரு சாம்பல்நிறப் படிவு இருந்தது. அந்தப் படிவு நகர்ந்துகொண்டிருந்தது. கடுகைவிடச் சிறிய, இரத்தம் குடித்து உப்பிய உடல்கள் ஆயிரக்கணக்கில் அந்த மூட்டுக்கும் கோழியின் கால்களுக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருந்தன. பகலில் எத்தனையோ முறை கோழிகளைப் பிடித்து இறகுகளை விலக்கிப் பார்த்தும் ஒன்றுகூட என் கண்ணில் படாததற்கான காரணம் அப்போதுதான் விளங்கியது. அவை பகலில் கோழியின் மீது இருப்பதே இல்லை.

வீட்டுப் புழக்கடையில் ஐந்தாறு கோழிகள் வளர்ப்பவர்கள் பலரும் நான் செய்த இதே தவற்றைச் செய்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கோழியின் உடலில் எது ஊர்ந்தாலும் அதைக் கோழிப்பேன் என்றோ செல் என்றோ ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஒரே பெயர் இருப்பதால் ஒரே மருந்தும் போதும் என்று நம்பிவிடுகிறோம். மருந்தைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கோழியின் மீது குடியிருக்கிறதா, கூட்டில் குடியிருக்கிறதா? விடை முதலாவது என்றால் கோழிக்கு மருத்துவம் செய்ய வேண்டும். இரண்டாவது என்றால் கூட்டுக்குச் செய்ய வேண்டும். நான் கூட்டில் இருந்த எதிரிக்காகக் கோழியின் மீது ஒரு மாதம் தூள் தூவிக்கொண்டிருந்தேன்.

பேன்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் எளிது. கோழிப்பேன் ஆறு கால்களைக் கொண்ட, தட்டையான, வைக்கோல் நிறப் பூச்சி. கோழிகளில் மிகுதியாகக் காணப்படும் உடற்பேன் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மெனகாந்தஸ் ஸ்ட்ராமினியஸ் என்பது அதன் அறிவியற்பெயர். இவை மனிதர்களின் தலைப்பேனைப்போலக் குத்தி உறிஞ்சுபவை அல்ல. இறகையும் தோலின் செதில்களையும் கடித்துத் தின்பவை. உடற்பேன் மட்டும் இளம் இறகின் தண்டைக் கடித்து அதிலிருந்து கசியும் இரத்தத்தையும் குடிக்கும். பேனின் வாழ்வு முழுவதும் கோழியின் மீதே கழிகிறது. கோழியை விட்டுக் கீழே விழுந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குமேல் அது உயிர் வாழாது. மனிதர்களின் தலையில் அது குடியேறுவதும் இல்லை. கோழியைத் தூக்கும்போது கையில் ஓரிரண்டு ஏறினாலும் அஞ்ச வேண்டியதில்லை, கழுவினால் போய்விடும்.

பேனைப் பார்க்கும் முறையை ஒருமுறை பழகிக்கொண்டால் பிறகு ஒரு கோழிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கோழியை அக்குளில் இடுக்கி, தலை பின்புறமாகவும் வால் முன்புறமாகவும் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். எச்சவாய்க்குக் கீழே பஞ்சுபோல இருக்கும் இறகுகளை இரு கட்டைவிரல்களாலும் சட்டென்று விலக்கி, தோல் தெரியும்படி வைத்து, அந்த இடத்தையே உற்றுப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் பேன்கள் தோலின் மீது விரைந்தோடி அடுத்த இறகுக்கடியில் மறையும். விலக்கிய அந்த இரண்டு மூன்று நொடிகளில் பார்த்தால்தான் உண்டு. ஓடுவதைத் தவறவிட்டாலும் ஈர் ஓடாது. இறகின் அடித்தண்டைச் சுற்றி, தோலுக்கு மிக அருகில், வெள்ளைச் சர்க்கரையைப் பசையில் குழைத்து ஒட்டியதுபோல ஈர்க் கட்டிகள் இருக்கும். விரலால் தேய்த்தால் அவை உதிர்வதில்லை. எச்சவாயைப் பார்த்த பிறகு சிறகின் அடிப்புறம், மார்பு, கழுத்தின் பின்புறம் ஆகிய இடங்களையும் பார்த்துவிடுங்கள். குஞ்சுகளாக இருந்தால் தலையின் உச்சியையும் கன்னத்தையும் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் கோழிகளுக்கும் தலைப்பேன் என்று தனி இனம் ஒன்று இருக்கிறது. தாய்க்கோழியின் உடலிலிருந்து பொரித்த சில நாட்களிலேயே குஞ்சின் தலைக்கு ஏறிவிடும் அந்தப் பேன், பெரிய கோழிக்குப் பெரும் கேடு செய்யாவிட்டாலும் குஞ்சைக் கொன்றுவிடக்கூடியது.

ஒரே கூட்டில் வளரும் கோழிகளில் ஒன்றின் மீது மட்டும் பேன் அளவுக்குமீறிப் பெருகியிருந்தால், பேனை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். நலமாக இருக்கும் கோழி நாள்தோறும் அலகால் இறகைக் கோதியும் புழுதியில் புரண்டும் தன்னைத்தானே பேணிக்கொள்கிறது. அலகு வெட்டப்பட்ட கோழிகளின் மீது பேன்கள் மிக அதிகமாகப் பெருகுவதற்குக் காரணம், மேலலகின் வளைந்த நுனி இல்லாமல் இறகைச் சரியாகக் கோத முடியாமல் போவதுதான். எனவே அலகு கோணலான கோழியோ, வயிற்றில் புழுவோ வேறு நோயோ இருந்து சோர்ந்திருக்கும் கோழியோதான் முதலில் பேன் பிடித்து நிற்கும். என் அனுபவத்தில் பேன் பல முறை நோயாக அல்ல, வேறொரு நோயின் அறிகுறியாகவே வந்திருக்கிறது.

இனி சிற்றுண்ணிகள். இவற்றை மைட் என்று ஆங்கிலப் பெயராலும் பலர் சொல்கிறார்கள். இவை பூச்சிகள் அல்ல; சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் உறவினங்கள்; வளர்ந்தவற்றுக்கு எட்டுக் கால்கள். கோழி வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை முக்கியமாக மூன்று.

முதலாவது, என் மூத்த பெட்டையைக் கொன்ற சிவப்புச் சிற்றுண்ணி. டெர்மனிசஸ் கலினே என்று அறிவியலில் அழைக்கப்படும் இது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடையது. பசித்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும், குடித்த பிறகு சிவப்பாகவும் இருக்கும். பகல் முழுவதும் கட்டையின் மூட்டுகளிலும் பலகை இடுக்குகளிலும் ஆணித் துளைகளிலும் கூட்டமாக ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு வெளியே வந்து, கோழியின் மீது ஏறி இரத்தம் குடித்துவிட்டு, மீண்டும் இடுக்குக்கே திரும்பிவிடும். முட்டையிடுவதும் பொரிப்பதும் வளர்வதும் எல்லாம் அந்த இடுக்கில்தான். வெப்பமும் ஈரப்பதமும் ஒத்துவந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த சிற்றுண்ணியாவதற்கு 7 நாட்களே போதும். எண்ணிக்கை ஒரு மாதத்திற்குள் எப்படி ஏறும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், கோழிகள் கூட்டுக்குள் போக மறுத்ததில் வியப்பே இல்லை. ஒவ்வோர் இரவும் உறக்கமின்றி இரத்தத்தை இழப்பதைவிட மரக்கிளை மேல் என்று அவை முடிவெடுத்திருந்தன. அடைகாத்துக்கொண்டிருக்கும் கோழிக்கு அந்த வழியும் இல்லை. அது 21 நாட்கள் முட்டைகளை விட்டு அதிகம் விலகாமல் அமர்ந்திருக்கும். அந்த நாட்களில் புழுதிக் குளியலும் மிகக் குறைவு. அடைக்கோழியை உட்காரவைப்பதற்கு முன்பே பெட்டியைச் சுத்தம் செய்து, புதிய படுக்கை இட்டு, கோழியின் உடலையும் சோதித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தச் சிற்றுண்ணியைப் பற்றி எனக்கு மிகவும் அச்சம் தந்த செய்தி, அது உணவே இல்லாமல் குளிர்ந்த இடத்தில் 8 மாதங்கள்வரை உயிர் வாழக்கூடியது என்பது. கூட்டைச் சில வாரங்கள் காலியாகப் போட்டுவிட்டால் போதும், எல்லாம் செத்துவிடும் என்று எண்ணிப் பழைய கூட்டில் புதிய குஞ்சுகளை விடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ பயன்படுத்திய பழைய மரக்கூட்டை வாங்குவதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

இரண்டாவது, வடபுலக் கோழிச் சிற்றுண்ணி என்று சொல்லத்தக்க ஆர்னிதோனிசஸ் சில்வியாரம். பார்வைக்கு இது சிவப்புச் சிற்றுண்ணியைப்போலவே இருந்தாலும், வாழும் இடம் நேர்மாறானது: இரவும் பகலும் கோழியின் மீதே இருக்கும். எச்சவாயைச் சுற்றியுள்ள இறகுகள் அழுக்கு அப்பியதுபோலக் கறுத்திருந்தால், அந்தக் கறுப்பு இவற்றின் கழிவும் உலர்ந்த இரத்தமும் உரித்த தோலும் சேர்ந்ததுதான். முட்டையைக் கையில் எடுக்கும்போது அதன் ஓட்டின் மீது ஏதோ ஊர்வது தெரிந்தாலும் இதை ஐயப்பட வேண்டும். சிவப்புச் சிற்றுண்ணி வெப்பமான மாதங்களில் பெருகும் என்றால், இது குளிர்ந்த மாதங்களில் பெருகும். வெப்பநாடுகளில் இதன் நெருங்கிய உறவினமான ஆர்னிதோனிசஸ் பர்சா என்பது காணப்படுகிறது. அது கோழியின் மீதும் முட்டைப் பெட்டியிலுமாக இரண்டு இடத்திலும் வாழ்வதால், இரண்டையும் ஒரே நாளில் கவனிக்க வேண்டியிருக்கும். இந்தச் சிற்றுண்ணிகள் எல்லாமே மனிதர்களையும் கடிக்கும். நம் உடலில் தங்கிப் பெருகுவதில்லை என்றாலும், முன்கையில் வரிசையாகச் சிவந்த தடிப்புகளும் தாங்க முடியாத அரிப்பும் வரும். கூட்டைச் சுத்தம் செய்த நாட்களில் எல்லாம் என் கைகள் அரித்ததை வைக்கோல் ஒவ்வாமை என்று நான் கருதியிருந்தேன். அப்போதே கூர்ந்து யோசித்திருந்தால் ஒரு மாதம் முன்னதாகவே உண்மை தெரிந்திருக்கும்.

மூன்றாவது, காற்செதில் சிற்றுண்ணி. இது காலின் செதில்களுக்கு அடியில் துளைத்து உள்ளேயே வாழ்வது, கண்ணுக்குத் தெரியாது. வழவழப்பாகப் படிந்திருக்க வேண்டிய செதில்கள் ஓரம் தூக்கி நிற்கும், இடையில் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்மையான பொருக்கு தடிக்கும். நாளானால் கால் இரட்டிப்புப் பருமனாகி, கோழி நொண்டத் தொடங்கும், விரல்களையே இழப்பதும் உண்டு. இது மெல்லத்தான் பரவும். ஒரே கட்டையில் நெடுநாள் சேர்ந்து அமர்வதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும். வயது முதிர்ந்த கோழிகளுக்கும் காலில் இறகு முளைத்த இனங்களுக்கும் மிகுதியாக வரும். இதற்கான மருத்துவம் பொறுமையைக் கேட்பது, ஆனால் எளிது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பழைய பல்துலக்கியால் செதில்களின் போக்கிலேயே தேய்த்து, தானாகக் கழன்று வரும் பொருக்கை மட்டும் நீக்கி, துடைத்து உலர்த்திய பிறகு வாசலினையோ தாவர எண்ணெயையோ செதில்களின் இடுக்குகளில் நன்றாக இறங்கும்படி பூச வேண்டும்; உள்ளே இருப்பவை காற்றின்றி மடியும். வாரத்திற்கு இரண்டு மூன்று முறையாகப் பல வாரங்கள் இதைத் தொடர வேண்டும். பொருக்கைப் பிய்த்து எடுக்காதீர்கள், இரத்தம் வரும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ காலை முக்கும் பழைய பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது தோலைப் புண்ணாக்குவதோடு கோழிக்குக் கடும் வலியையும் தருகிறது. சிற்றுண்ணிகள் மடிந்த பிறகும் செதில்கள் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். அதைக் கண்டு மருத்துவம் பலிக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

இறகின் அடியில் துளைத்துக் கோழியைத் தன் இறகுகளைத் தானே பிடுங்க வைக்கும் இன்னொரு சிற்றுண்ணியும், கண்ணையும் கொண்டையையும் சுற்றி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தெள்ளுப்பூச்சியும், சிவப்புச் சிற்றுண்ணியைப்போலவே பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் கடிக்கும் கோழி உண்ணியும் இருக்கின்றன. கோழி உண்ணி பாக்டீரியா நோய் ஒன்றையும் பரப்புவதால் அதைக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்வதே சரி.

இப்போது பேனுக்கும் கோழியின் மீது வாழும் சிற்றுண்ணிக்கும் என்ன செய்வது என்று பார்ப்போம். உங்கள் நாட்டில் முட்டைக்கோழிகளுக்கென அனுமதிக்கப்பட்ட தூளையோ தெளிப்பையோ மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அது பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்ததாக இருக்கும். எச்சவாயைச் சுற்றியும் சிறகுகளுக்கு அடியிலும் தோலைத் தொடும்படி அதை இட வேண்டும். முதுகின் மேல் தூவிவிட்டால் கோழி ஓர் உதறு உதறியதும் போய்விடும். ஒரு கோழியையும் விடக்கூடாது, பேன் இல்லாததுபோலத் தெரியும் சேவலையும் சேர்த்து. பெர்மெத்ரின் பூனைகளுக்கும் மீன்களுக்கும் கொடிய நஞ்சு என்பதால், வீட்டில் பூனை இருந்தால் அது கோழிகளின் பக்கம் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஈர்க் கட்டிகள் நிறைந்த இறகுகளை அடியோடு கத்தரித்து எரித்துவிடலாம், பிடுங்கக் கூடாது.

ஆனால் மருந்தைவிட முக்கியமானது நாட்காட்டி. இந்த மருந்துகள் ஓடும் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்வதில்லை. ஈர் 4 முதல் 7 நாட்களில் பொரிக்கும். பொரித்தது வளர்ந்து தானே ஈர் வைப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். முதல் நாள் மருந்திட்டுவிட்டு, எஞ்சிய ஈர்கள் எல்லாம் பொரித்து முடிந்த, ஆனால் பொரித்தவை எதுவும் இன்னும் ஈர் வைக்காத நாட்களில் இரண்டாம் முறை இட்டால்தான் சங்கிலி அறுகிறது. அந்த நாட்கள் 7க்கும் 10க்கும் இடையில் வருகின்றன. பேன் மிகுதியாக இருந்தால் அதே இடைவெளியில் மூன்றாம் முறையும் இடுவது நல்லது. முதல் மருந்தில் பேன்கள் மறைந்ததும் மகிழ்ந்து நிறுத்திவிட்டு, மூன்று வாரம் கழித்து மருந்தே சரியில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மருந்து தன் வேலையைச் செய்துதான் இருந்தது. பெட்டியில் இருந்த படுக்கையையும் அதே நாளில் அகற்றி எரித்துவிடுங்கள்.

சிவப்புச் சிற்றுண்ணிக்கு வருகிறேன். அந்த இரவுக்குப் பிறகு நான் செய்தவை இவைதான். கோழிகளைப் பத்து நாட்களுக்கு வேறோர் இடத்தில் அடைத்தேன். கூட்டில் கழற்றக்கூடிய ஒவ்வொரு பலகையையும் கழற்றினேன். படுக்கையை அள்ளி எரித்தேன். எல்லா மரத்தையும் கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் கொண்டு, குறிப்பாக முனைகளையும் மூட்டுகளையும் தேய்த்துக் கழுவினேன். 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை இந்தச் சிற்றுண்ணிகள் தாங்குவதில்லை என்பதால் கொதிநீரும் நீராவியும் உண்மையாகவே பயன்படுகின்றன. ஆனால் இடுக்கின் ஆழத்துக்கு வெப்பம் எட்டுவதற்குள் தண்ணீர் ஆறிவிடும், எனவே ஒரே இடத்தில் பலமுறை ஊற்ற வேண்டியிருந்தது. நன்கு உலர்ந்த பின், கட்டைகளின் முனைகளிலும் அடிப்புறத்திலும் எண்ணெயைத் தூரிகையால் தடவினேன். கட்டை சுவரோடு ஒட்டாமல், கழற்றி எடுக்கக்கூடிய இரு தாங்கிகளின் மீது நிற்கும்படி மாற்றினேன். பழைய கூட்டின் இரட்டைப் பலகைச் சுவரையும் நீக்கி ஒற்றைப் பலகையாக்கினேன். எல்லாவற்றிலும் அதிகப் பயன் தந்தது இந்தக் கடைசி இரண்டு மாற்றங்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒளிய இடமில்லாத கூட்டில் இந்தச் சிற்றுண்ணியால் பெருக முடியாது.

அதன் பிறகும் ஒவ்வொரு வாரமும் கழுவலையும் எண்ணெய்ப் பூச்சையும் ஆறு வாரங்கள் தொடர்ந்தேன். நெளிநெளியான அட்டையைச் சுருட்டிக் கட்டையின் முனையில் கட்டிவைத்தால், பகலில் ஒளிய இடம் தேடும் சிற்றுண்ணிகள் அதற்குள் புகுந்துகொள்ளும். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை அந்த அட்டையைப் பைக்குள் இட்டு மூடி எரித்துவிட்டுப் புதியதைக் கட்டலாம். எண்ணிக்கை குறைகிறதா என்று அறிவதற்கும் இதுவே நல்ல அளவுகோல். முதல் அட்டையை விரித்தபோது உட்புறம் முழுவதும் செம்மண் பூசியதுபோல இருந்தது. ஐந்தாவது அட்டையில் ஏழெட்டுதான் இருந்தன.

டயட்டமேசியஸ் மண் என்னும் நுண்தூளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நுண்ணிய பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடுகள் படிந்து உண்டான மண் அது. சிற்றுண்ணியின் மேற்றோலில் இருக்கும் மெழுகை உறிஞ்சி, அதை உலர்த்திக் கொல்கிறது. உலர்ந்த இடுக்கில் அது நன்றாக வேலை செய்யும், ஈரம் பட்டால் பயன் பெரிதும் குறைந்துவிடும். நுரையீரலை உறுத்தும் தூள் என்பதால் முகமூடி அணிந்து, கோழிகள் இல்லாத நேரத்தில் இடுக்குகளில் மட்டும் இட வேண்டும். கோழியின் முகத்தைச் சுற்றிப் புகைபோல எழும்பும்படி தூவுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குடிநீரில் பூண்டைப் போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்பதையும் நான் நம்பவில்லை.

மருந்துகளில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. நாய், பூனைகளின் தெள்ளுப்பூச்சிக்குப் பயன்படும் ஃபிப்ரோனிலை ஒரு சொட்டு கோழியின் கழுத்தில் விட்டால் போதும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. உணவுக்காக வளர்க்கும் கோழிகளில் அதைப் பயன்படுத்தவே கூடாது. அது முட்டையில் சேர்கிறது. 2017ஆம் ஆண்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் தாவரப் பொருள் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு தெளிப்பில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்து, பல நாடுகளில் இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அந்தத் தெளிப்பை அவர்கள் பண்ணைகளில் அடித்தது இதே சிவப்புச் சிற்றுண்ணிக்காகத்தான். ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்தும் முட்டையில் தங்கும். மருத்துவர் சொன்னால் ஒழிய வேண்டாம், சொன்னாலும் எத்தனை நாள் முட்டையை உண்ணக்கூடாது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த ஃப்ளூரலனர் என்னும் மருந்து, குடிநீரில் கலந்து, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுக்கப்படுவது. கோழியைக் கடித்த சிற்றுண்ணி அந்த இரத்தத்தாலேயே மடியும், முட்டையை ஒதுக்கவும் வேண்டியதில்லை. எல்லா நாடுகளிலும் அது கிடைப்பதில்லை, மருத்துவர் எழுதித்தர வேண்டியதும்கூட. கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் அதைப் பற்றி அவசியம் கேளுங்கள்.

தடுப்பு என்று வரும்போது, புழுதிக் குளியலுக்கு நிகராக எதையும் நான் வைக்க மாட்டேன். கோழி மண்ணைக் குழிபறித்து, பக்கவாட்டில் படுத்து, காலால் புழுதியை வாரி இறகுகளுக்குள் இறைத்து, எழுந்து ஒருமுறை முழு உடலையும் சிலிர்த்து உதறும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; அந்த உதறலில் ஒட்டுண்ணிகளும் பழைய எண்ணெய்ப் பசையும் போகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், டயட்டமேசியஸ் மண், வெண்களிமண், கந்தகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மணலில் கலந்து புழுதிப் பெட்டிகளாக வைத்துப் பார்த்தார்கள். பெட்டியைப் பயன்படுத்திய கோழிகளில் ஒட்டுண்ணிகள் ஒரே வாரத்தில் 80 முதல் 100 சதவீதம்வரை குறைந்தன. கந்தகப் பெட்டி மட்டும், அதில் இறங்கவே இறங்காத கோழிகளிலும்கூட 2 முதல் 4 வாரங்களில் சிற்றுண்ணிகளை முற்றிலும் ஒழித்தது. பெட்டியை எடுத்த பிறகும் அதன் பயன் நீடித்தது. அதைப் படித்த பிறகு என் கோழிகளின் மணற்குழியில் சிறிதளவு கந்தகத்தூளைக் கலக்கிறேன். குழி மழையில் நனையாதபடி கூரைக்கு அடியில் இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். மரச்சாம்பலும் நல்லதுதான், ஆனால் வண்ணம் பூசிய மரத்தின் சாம்பல் ஆகாது. நனைந்த சாம்பல் காரமாகித் தோலை எரிக்கும்.

புதிய கோழியை வாங்கி வந்தால் நான்கு வாரங்கள் தனியே வைத்து, உடலை மூன்று முறையாவது சோதித்த பிறகே மற்றவற்றோடு விடுகிறேன். கூரைக்கடியில் குருவிகள் கட்டிவிட்டுப் போன பழைய கூடுகளை, குஞ்சுகள் பறந்த பிறகு எடுத்துவிடுகிறேன். அவற்றில் சிற்றுண்ணிகள் தங்கும். எலிகளும் அவற்றைச் சுமந்து வரும் என்பதால் தீவனத்தை இரவில் மூடி வைப்பதும் இதில் அடங்கும்.

இரத்தம் குன்றி வெளிறிய கோழிகள், கூடு சுத்தமான உடனே துள்ளி எழுந்துவிடவில்லை. கொண்டை மீண்டும் சிவக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை நல்ல புரதம் உள்ள தீவனமும் மருத்துவர் எழுதித்தந்த வைட்டமின் கலவையும் கொடுத்தேன். முட்டைகள் அதற்கும் இரண்டு வாரங்கள் கழித்தே முன்பிருந்த எண்ணிக்கைக்கு வந்தன. மரக்கிளைக்குப் போன இரண்டு பெட்டைகளும், கோழிகளைக் கூட்டுக்குத் திருப்பிவிட்ட எட்டாம் நாள் தாமாகவே இறங்கி வந்து கட்டையில் அமர்ந்தன.

இப்போது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, ஒரு வெள்ளைத் துணியால் கட்டைகளின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்க்கிறேன். பல மாதங்களாகத் துணி வெள்ளையாகவே இருந்தது. சென்ற வாரம் இடப்பக்கத் தாங்கியின் அருகே, நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்புக் கீற்று விழுந்தது. நாளைக் காலை கட்டையைக் கழற்றப்போகிறேன். கொதிக்கவைக்கும் பாத்திரத்தையும் எண்ணெய்த் தூரிகையையும் எடுத்து வைத்துவிட்டேன்.